கண்ட விளிம்புப் படிவடுக்குகளின் வயது முரண்படும்போது: அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கண்டங்களின் பழைய விளிம்புகளில் மணற்கல், களிக்கல், சுண்ணாம்புக்கல் என்று மாறிமாறிப் படிந்த அடுக்குகளுக்கு வயது காண்பவர்கள் திரும்பத் திரும்பச் சந்திக்கும் சிக்கல்கள் சிலவே. ஆய்வகம் எண்ணைத் தந்துவிடும். அது அடுக்கு வரிசையோடு ஒத்துப்போகாது, அல்லது புதைபடிவத்தோடு மோதும். ஒவ்வொரு அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணம் முதலில், செலவு மிகுந்தது கடைசியில். இந்த வரிசையைத் தாண்டாதீர்கள். களக் குறிப்பேட்டைப் புரட்டினாலே தீரும் சிக்கலுக்காக ஆய்வகக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

தொடங்கும் முன்

கையிலுள்ள ஒவ்வொரு வயதுக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: "இதைவிடப் பழையதல்ல", "இதைவிட இளையதல்ல", "படிந்த காலமே". அடித்துவரப்பட்ட சிர்கான் (யுரேனியம் ஈயமாகச் சிதைவதை அளந்து வயது காணும் சிறு கனிமத் துகள்) தருவது முதல் வகை. அடுக்கை ஊடுருவிய எரிமலைப் பாறைச் சுவர் தருவது இரண்டாவது. எரிமலைச் சாம்பல் அடுக்கும், நல்ல கரிமக் களிக்கல்லின் ரீனியம்–ஆஸ்மியம் வயதும் (ரீனியம் ஆஸ்மியமாகச் சிதைவதை அளந்து காண்பது) மூன்றாவது. ஒரே வரைபடத்தில் மூன்றையும் ஒரே குறியால் போட்டிருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். கீழே உள்ள அறிகுறிகளில் சில அப்போதே மறைந்துவிடும்.

ஆய்வகத்திடமிருந்து முழு அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு புள்ளியின் ஐசோடோப்பு விகிதங்கள், யுரேனியம், தோரியம் அளவு, அதே அமர்வில் அளந்த தரப்படுத்திய (வயது முன்பே தெரிந்த) சிர்கான்களின் முடிவுகள், துகள் படங்கள் எல்லாம் வேண்டும். சுருக்க அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு பிழை தேட முடியாது.

அறிகுறி 1: மேலடுக்கு கீழடுக்கைவிடப் பழைய வயது காட்டுகிறது

*1அ. பிழையே இல்லை.* இரண்டும் சிர்கான் வயதுகள் என்றால் இது முரண்பாடே அல்ல. மேலடுக்கு படிந்தபோது ஆறு பழைய பாறைகளை மட்டும் அரித்துக் கொண்டுவந்திருக்கலாம். கீழடுக்கின் "இதைவிடப் பழையதல்ல" என்ற வரம்பு மேலடுக்குக்கும் பொருந்தும்: கீழே உள்ளது 520 மில்லியன் ஆண்டைவிடப் பழையதல்ல என்றால், அதன்மேல் படிந்ததும் அதைவிடப் பழையதாக இருக்க முடியாது.

*1ஆ. மாதிரி எண் மாறியிருக்கிறது.* பையில் எழுதிய எண், குறிப்பேடு, ஆய்வகப் படிவம் மூன்றையும் ஒப்பிடுங்கள். மீதமுள்ள பாறைத் துண்டின் நிறம், மணல் பருமன் களப் புகைப்படத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

*1இ. அடுக்கு தலைகீழாகக் கிடக்கிறது, அல்லது உந்துப்பெயர்ச்சியால் (ஒரு பாறைத் துண்டம் இன்னொன்றின் மேல் ஏறியதால்) இருமுறை வருகிறது.* பழைய விளிம்புகள் பிற்காலத்தில் மலையாக மடிந்தவை. குறுக்குப் படுகை, அலைத்தடத்தின் கூர்முகடு, பருமணலிலிருந்து நுண்மணலுக்கு மாறும் திசை, ஸ்ட்ரோமடோலைட்டின் (நுண்ணுயிர்ப் படலங்கள் கட்டிய அடுக்குக் கல்லின்) குவிபக்கம் ஆகியவற்றில் குறைந்தது இரண்டைக் கொண்டு மேல்திசையை உறுதிசெய்யுங்கள். ஒன்றை மட்டும் நம்பாதீர்கள்.

உந்துப்பெயர்ச்சி இருக்கிறதா என்பது ஒரே வெட்டுமுகத்தில் தீராவிட்டால், அந்தப் பகுதியை வரைபடமாக்கிய கட்டமைப்பு நிலவியலாளரைக் கூட்டிச்செல்லுங்கள். புதிய வயதுகள் வாங்குவதைவிட அது மலிவு.

அறிகுறி 2: மணற்கல்லின் மிக இளைய சிர்கானே 1,000 மில்லியன் ஆண்டு, மேலே ட்ரைலோபைட் (அதைவிட மிகப் பிற்காலத்துக் கடல் உயிரியின் புதைபடிவம்) கிடைக்கிறது

கண்ட விளிம்பு வேலையில் மிகவும் சலிப்பூட்டும் அறிகுறி இதுதான். அமைதியான விளிம்பில் அருகே எரிமலை கிடையாது. மணல் முழுதும் கண்டத்தின் உட்பகுதியிலிருந்து வருகிறது. பழைய வட அமெரிக்காவான லாரென்ஷியாவின் விளிம்பு மணற்கற்கள் பலவற்றில் 1,000 முதல் 1,200 மில்லியன் ஆண்டுக்கு இடைப்பட்ட கிரென்வில் காலத் துகள்கள் குவிந்து கிடக்கும். படிந்ததோ அதற்கு நெடுங்காலம் கழித்து. 150 மில்லியன் ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளி இத்தகைய விளிம்பின் இயல்பு. ஆகவே எண் தவறில்லை, பயன்தான் குறைவு. பயனுள்ளதாக்க முயல வேண்டிய வரிசை இது:

*2அ. துகள் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.* 60 துகள் அளந்து நிறுத்தும் பழக்கம் இன்னும் இருக்கிறது. எந்த 5% தொகுப்பும் தவறிவிடவில்லை என்று 95% உறுதியோடு சொல்ல, மோசமான நிலையில் 117 துகள் தேவை. ஆனால் நாம் தேடும் இளைய துகள்கள் பெரும்பாலும் 1% அளவில்தான் இருக்கும். 117 துகளில் அந்த 1% முற்றிலும் தவறிப்போகும் வாய்ப்பு ஏறத்தாழ 31%. 300 துகள் அளந்தால் அது 5% ஆகக் குறையும். துகளை லேசரால் சுட்டு அளக்கும் முறையில் கூடுதல் துகளுக்கு ஆகும் செலவு சிறியது. துகள்களைப் பதித்துத் தயாரித்த வட்டு கையிலிருந்தால் முதலில் இதைச் செய்யுங்கள்.

*2ஆ. பிரிக்கும்போது இளைய துகள்களைக் கழித்துவிட்டீர்களா?* மூன்று இடங்களில் கழியும். நீரோட்டப் பலகையில் 50 மைக்ரானுக்குக் கீழான துகள்கள் நீரோடு போய்விடும். காந்தப் பிரிப்பியில் மின்னோட்டத்தைக் கூட்டும்போது, யுரேனியம் மிகுந்து கட்டமைப்பு சிதைந்த துகள்கள் காந்தப் பக்கம் ஒதுங்கும். நுண்ணோக்கியின் கீழ் ஊசியால் பொறுக்கும்போது கண் பெரிய, தெளிந்த துகளைத்தான் தேடும். ஒதுக்கிய பகுதிகளை எறியாமல் வைத்திருந்தால் அவற்றையும் வட்டில் பதியுங்கள். அடுத்த முறை பொறுக்காமல் அப்படியே கொட்டிப் பதியுங்கள். அடர்திரவமாக புரோமோஃபார்ம் பயன்படுத்தினால் ஆவி உறிஞ்சும் அறைக்குள் மட்டும். முடிந்தால் நச்சு குறைந்த டங்ஸ்டேட் கரைசலுக்கு மாறுங்கள்.

*2இ. அடுக்கை மாற்றுங்கள்.* தூய குவார்ட்சு மணற்கல் பலமுறை அரித்துப் படிந்தது. அதில் பழைய துகள்களே மிஞ்சும். அதே வெட்டுமுகத்தில் ஃபெல்ட்ஸ்பார் கலந்த மணற்கல்லோ நுண்மணல் அடுக்கோ இருந்தால் அதிலிருந்து 3 முதல் 5 கிலோ எடுங்கள். தொலைவிலிருந்து காற்று கொண்டுவந்த எரிமலைத் துகள்கள் சிறியவை. அவை நுண்மணலில்தான் தங்கும்.

*2ஈ. சாம்பல் அடுக்கைத் தேடுங்கள்.* சில மில்லிமீட்டரிலிருந்து சில சென்டிமீட்டர் வரை தடிமன், வெளிர் நிறம், சுற்றியுள்ள பாறையைவிட உள்வாங்கிய பள்ளம், ஈரமானால் வழவழப்பு, கூர்மையான அடித்தளம், உருண்டையாகாத பயோட்டைட் (கரு மைக்கா) தகடுகள் ஆகியவை அடையாளம். சுண்ணாம்புக்கல், களிக்கல் பகுதிகளில் தேடுங்கள். அலை புரட்டிய மணலில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். பழைய வெட்டுமுகத்தைச் சுத்தியலால் புதுப்பித்தபடி நகர வேண்டும். மண் மூடியிருந்தால் தென்படாது.

*2உ. இளைய துகள் கிடைத்ததும் கரைத்து அளக்கும் முறைக்கு அனுப்புங்கள்.* லேசர் முறையில் ஒரு துகளின் பிழை 2% அளவு. 500 மில்லியன் ஆண்டில் அது ±10 மில்லியன். வேதித் தேய்ப்புக்குப் (சிதைந்த பகுதிகளை அமிலத்தால் களைவதற்கு) பின் துகளை முழுதாகக் கரைத்து ஐசோடோப்பு நீர்த்தலால் அளந்தால் 0.1%, அதாவது ±0.5 மில்லியன் கிடைக்கும். கிராண்ட் கேன்யனின் சிக்ஸ்டிமைல் அடுக்கு நெடுநாள் கேம்பிரியன் காலத்துக்கு (சுமார் 540 முதல் 485 மில்லியன் ஆண்டு முன்) முந்தையது என்று கருதப்பட்டது. 2018இல் வெளியான ஆய்வு லேசரால் இளைய துகள்களைத் தேடி, அவற்றைக் கரைத்து அளந்து, அது 527க்கும் 509 மில்லியன் ஆண்டுக்கும் இடைப்பட்ட கேம்பிரியன் அடுக்கு என்று காட்டியது. அதற்கு மேலுள்ள டபீட்ஸ் மணற்கல் 508 மில்லியனைவிடப் பழையதல்ல என்பதும் அதே வழியில் கிடைத்தது. சலிப்பைத் தாங்கித் துகள் எண்ணிக்கையைக் கூட்டினால் இப்படிப்பட்ட திருத்தம் கிடைக்கும்.

ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் தேவைப்படும் எந்தப் படியையும் அதற்கெனப் பயிற்சி பெற்ற ஆய்வகத்துக்கு வெளியே செய்யக்கூடாது. இதில் விதிவிலக்கு இல்லை.

அறிகுறி 3: ஒரே ஒரு துகள் மட்டும் மற்றவற்றைவிட மிக இளமையாக இருக்கிறது

அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு அடுக்கின் வயதையே மாற்றிவிடத் தோன்றும். பொறுங்கள்.

*3அ. படத்தைப் பாருங்கள்.* லேசர் குழி விரிசலிலோ, துகள் விளிம்பிலோ, உள்ளே சிக்கிய அபடைட் கனிமத்திலோ விழுந்திருந்தால் அந்தப் புள்ளியைத் தள்ளுங்கள்.

*3ஆ. சமிக்ஞையின் நேரக்கோட்டைப் பாருங்கள்.* சுடும் 20–30 வினாடிக்குள் விகிதம் படிப்படியாக இல்லாமல் திடீரென மாறினால், லேசர் இரண்டு வளர்ச்சி வளையங்களைக் கலந்து அளந்திருக்கிறது.

*3இ. யுரேனியம் அளவு.* 1,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1,000 பங்கு) தாண்டிய துகளில் கதிரியக்கச் சிதைவால் ஈயம் வெளியேறியிருக்க வாய்ப்பு அதிகம். 500 மில்லியன் ஆண்டுத் துகளில் கன்கார்டியா கோடு (இரண்டு யுரேனியம்–ஈயச் சிதைவுகளும் ஒரே வயது தரும் புள்ளிகளின் வளைவு) கிட்டத்தட்ட நேராகவே தோற்றுவாயை நோக்கி இறங்குகிறது. அதனால் 5% ஈயம் இழந்த துகள் கோட்டைவிட்டு விலகாமல் கோட்டின்மேலேயே வழுக்கி 475 என்று காட்டும். "கோட்டின்மேல் இருக்கிறது, ஆகவே நல்ல துகள்" என்ற வாதம் இந்த வயதில் செல்லாது. ஈயம்-207/ஈயம்-206 வயதும் இங்கே உதவாது. அதன் பிழையே பல பத்து மில்லியன் ஆண்டு.

*3ஈ. சாதாரண ஈயம்.* இது யுரேனியச் சிதைவால் வராத ஈயம். அதைக் காட்டும் ஈயம்-204 அளவைத் திருத்தாமல் விட்டிருக்கலாம், அல்லது ஆர்கான் வாயுவில் கலந்த பாதரசம்-204ஐ ஈயமாக எண்ணித் தவறாகத் திருத்தியிருக்கலாம். மாதிரி இல்லாமல் எடுத்த வெற்று அளவீட்டைக் கேளுங்கள்.

*3உ. வெளிக்கலப்பு.* நொறுக்கி, சல்லடை, நீரோட்டப் பலகை ஆகியவற்றில் முன்பு என்ன பாறை போனது? அந்தப் பாறையின் வயதும் உங்கள் விசித்திரத் துகளின் வயதும் ஒன்றானால் வேறு விளக்கம் தேடாதீர்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் புதுச் சல்லடைத் துணி, நொறுக்கியில் முதலில் தூய குவார்ட்சு ஓட்டம் என்பது கட்டாயம். துளைக்கருவி மாதிரியானால் துளைச்சேற்றையும் சோதியுங்கள். அதில் கலக்கும் பெண்டோனைட் களியே எரிமலைச் சாம்பலிலிருந்து வந்தது, அதில் சிர்கான் உண்டு.

*3ஊ. சிதறல் மட்டுமே.* துகள் எண்ணிக்கை கூடக்கூட, அளவீட்டுச் சிதறலாலேயே ஒன்றிரண்டு உண்மையைவிட இளமையாக விழும். 300 துகளில் தனியாக நிற்கும் ஒன்றுக்கு 30 துகளில் நிற்கும் ஒன்றைவிட மதிப்புக் குறைவு.

எல்லாச் சோதனையும் தேறிய துகளை மீண்டும் மெருகேற்றி இரண்டாவது புள்ளி அளங்கள். பின்பு அதே வயதில், பிழைக்குள் ஒன்றோடொன்று பொருந்தும் குறைந்தது மூன்று துகள்கள் இருந்தால் மட்டுமே வரம்பை மாற்றுங்கள். முடிவு ஒரு அடுக்கைக் கேம்பிரியனுக்கு உள்ளே அல்லது வெளியே தள்ளுமானால், அந்தத் துகள்களை வட்டிலிருந்து பெயர்த்து 900 டிகிரி செல்சியஸில் 48 மணி நேரமாவது பதப்படுத்தி, சிதைந்த பகுதிகளை அமிலத்தால் களைந்து அளக்கும் ஆய்வகத்திடம் கொடுங்கள்.

அறிகுறி 4: புள்ளிகள் கன்கார்டியா கோட்டுக்குக் கீழே சாய்வாக அணிவகுக்கின்றன

முதலில் அந்தப் புள்ளிகள் வழியே வரைந்த கோடு கன்கார்டியாவை எங்கே வெட்டுகிறது என்று பாருங்கள். கீழ்வெட்டு பூஜ்யத்துக்கு அருகே என்றால் அண்மைக் காலச் சிதைவால் நேர்ந்த ஈய இழப்பு, மேல்வெட்டு பயன்படும். கீழ்வெட்டு அப்பகுதியின் மலையாக்கக் காலத்தில் விழுந்தால் வெப்பம் தொட்டிருக்கிறது. பல திசைகளில் சிதறினால் பல மூலங்கள் கலந்தவை. அவற்றுக்குக் கோடு வரைவதே தவறு. 10%க்கு மேல் விலகிய புள்ளிகளைத் தள்ளுவது வழக்கம். எந்த அளவு வைத்தாலும் எல்லா மாதிரிக்கும் அதையே வையுங்கள்.

கவனிக்காமல் விடப்படும் ஒரு பொறி உண்டு. இளைய துகளுக்கு ஈயம்-206/யுரேனியம்-238, பழையதற்கு ஈயம்-207/ஈயம்-206 என்று மாறும் எல்லையைப் பலர் 1,000 மில்லியனில் வைக்கிறார்கள். கிரென்வில் துகள்கள் குவிந்திருக்கும் மாதிரியில் அந்த எல்லை ஒரே தொகுப்பை நடுவே அறுத்துப் பொய்யான இரு முகடுகளை உண்டாக்கும். உங்கள் தரவில் துகளே இல்லாத இடைவெளியில் எல்லையை வையுங்கள்.

அறிகுறி 5: அதே மாதிரி, வேறு நாளில் 2–3% வேறு வயது

அந்த அமர்வின் தரப்படுத்திய சிர்கான்களைப் பாருங்கள். 91500 என்ற சிர்கான் 1,065, பிளெஷோவிட்சே 337, டெமோரா-2 417 மில்லியன் ஆண்டு தர வேண்டும். ஒன்றைக் கொண்டு கருவியைச் சரிசெய்து, வேறு இரண்டையாவது தெரியாத மாதிரிபோல அளந்திருக்க வேண்டும். அந்த இரண்டின் சராசரி 1%க்கு மேல் விலகினால் அமர்வு முழுதையும் நிராகரியுங்கள். தரச் சிர்கான் சரி, உங்கள் துகள் மட்டும் விலகுகிறது என்றால் குழி ஆழம் வேறுபடுகிறதா என்று கேளுங்கள். சிதைந்த துகள் வேகமாகக் குடையும். இதற்குமேல் நீங்கள் செய்ய எதுவுமில்லை, கருவியை நடத்துபவரின் வேலை.

அறிகுறி 6: ஒரே மணற்கல், இரண்டு இடங்களில் இரண்டு வயது

இரண்டு எண்ணும் சரியாக இருக்கலாம். கடல் கண்டத்தின்மேல் ஏறும்போது கரைமணல் கூடவே உள்நோக்கி நகர்கிறது. கிராண்ட் கேன்யனில் டபீட்ஸ் மணற்கல் மேற்கிலிருந்து கிழக்கே போகப்போக இளையதாகிறது. பாறையின் பெயர் ஒன்றாக இருப்பதால் காலமும் ஒன்றாகிவிடாது.

சோதனை: இரண்டு வெட்டுமுகத்தையும் மணற்கல்லால் இணைக்காமல், அதற்கு மேலுள்ள காலக்குறிகளால் இணையுங்கள்: சாம்பல் அடுக்கு, ட்ரைலோபைட் மண்டல எல்லை, பரந்த கடல்மட்ட உயர்வைக் காட்டும் கிளாகோனைட் (கடலடியில் உருவாகும் பச்சைக் கனிமம்) தளம். பின்னும் வயது ஒட்டாவிட்டால் இடையில் அரிப்புத் தளம் மறைந்திருக்கிறதா என்று தேடுங்கள்: பாஸ்பேட் பூசிய கடினத் தளம், பழைய மண்ணின் சிவப்புப் பட்டை, கீழடுக்கின் கூழாங்கற்கள். ஒரு விரல் தடிமனுள்ள அத்தகைய தளத்தில் பல மில்லியன் ஆண்டு காணாமல் போயிருக்கும்.

அறிகுறி 7: கரிமக் களிக்கல்லின் ரீனியம்–ஆஸ்மியம் புள்ளிகள் நேர்க்கோட்டில் அமையவில்லை

எம்.எஸ்.டபிள்யூ.டி. எனப்படும் சிதறல் எண் 1க்கு அருகே இருக்க வேண்டும். பல பத்துகளில் இருந்தால் வயதை எழுதவே வேண்டாம்.

மாதிரி எடுத்த செங்குத்து உயரமே முதல் சந்தேகம். எல்லா மாதிரியும் ஒரே கடல்நீரின் ஆஸ்மியத்தோடு தொடங்கியிருந்தால்தான் கோடு உருவாகும். 5 மீட்டர் உயரத்தில் பரப்பினால் கடல்நீரே மாறியிருக்கும். அரை மீட்டருக்குள், பக்கவாட்டில் நகர்ந்து 6 முதல் 8 மாதிரி எடுங்கள். ஒவ்வொன்றிலும் 20 கிராமுக்குக் குறையாமல் அரைத்துக் கலக்குங்கள். அடுத்தது வானிலைச் சிதைவு: வெளித்தெரியும் பாறையில் ரீனியம் எளிதில் கரைந்து போகும். துருக்கறை, மஞ்சள் பூச்சு இருந்தால் விட்டுவிட்டுத் துளைமாதிரியைத் தேடுங்கள். எஃகு அரவையைத் தவிர்த்து பீங்கான் அரவை பயன்படுத்துங்கள். பைரைட் முடிச்சு, கால்சைட் நரம்பு இருந்த துண்டுகளை ஒதுக்குங்கள். ஆய்வகம் ராஜதிராவகத்தில் கரைத்திருந்தால் மண்துகளின் ஆஸ்மியமும் கலந்திருக்கும். குரோமிக்–கந்தக அமிலத்தில் மீண்டும் செய்யச் சொல்லுங்கள். தொடக்க ஆஸ்மியம் விகிதம் எதிர்மறையாக வந்தால் பாறை பின்னால் குலைக்கப்பட்டது; மேலும் மாதிரி அனுப்பிப் பணத்தை இழக்காதீர்கள்.

அறிகுறி 8: கிளாகோனைட் வயது எப்போதும் இளமையாக வருகிறது

பெரும்பாலும் உண்மையிலேயே, வயது காண அளக்கும் ஆர்கானோ ரூபிடியமோ பின்னால் நகர்ந்திருக்கிறது. கரும்பச்சை, உருண்டை, பொட்டாசியம் ஆக்சைடு 7%க்கு மேல் உள்ள துகள்களை மட்டும் பொறுக்கி மீண்டும் அளங்கள். அப்போதும் இளமையென்றால் அதை "இதைவிட இளையதல்ல" என்ற வகையில் போட்டுவிட்டு நகருங்கள். ஆழமாகப் புதைந்து சூடான விளிம்புகளில் கிளாகோனைட்டோடு போராடுவது பயன் தராது.

அறிகுறி 9: சுண்ணாம்புக்கல்லின் கார்பன் ஐசோடோப்பு வளைவு இரண்டு காலங்களோடும் பொருந்துகிறது

வளைவில் எழுத்தில்லை, ஒரு சரிவு இன்னொரு சரிவைப் போலவே இருக்கும். முதலில் அந்தச் சரிவு கடல்நீருடையதுதானா என்று பாருங்கள். கார்பனும் ஆக்சிஜனும் கைகோத்து இறங்கினால், ஆக்சிஜன் −10‰க்குக் கீழே போனால், மாங்கனீசு/ஸ்ட்ரான்சியம் விகிதம் 10ஐத் தாண்டினால் மழைநீரோ புதைவோ மாற்றியிருக்கலாம். ஆனாலும் அதைக் கொண்டு மட்டும் தள்ளிவிடாதீர்கள். கேம்பிரியனுக்குச் சற்று முந்தைய எடியாக்கரன் காலத்தில் ஷூரம் எனப்படும் கார்பன் சரிவு −12‰ வரை இறங்குகிறது. கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்தே இறங்கும் அந்த வளைவு பல கண்டங்களில் அதே வரிசையில் திரும்புகிறது.

இரண்டு காலங்களையும் பிரிக்க ஸ்ட்ரான்சியம் உதவும். சுமார் 850 மில்லியன் ஆண்டு முன்னைய கடலில் ஸ்ட்ரான்சியம்-87/ஸ்ட்ரான்சியம்-86 விகிதம் 0.7055 அளவில் இருந்தது. மரினோவன் எனப்படும் உலகப் பனிக்காலம் முடிந்த 635 மில்லியன் ஆண்டு முன் 0.7072 அருகே; கேம்பிரியன் இறுதியில் 0.709 தாண்டியது. இன்றைய கடலோ 0.70917. கேம்பிரியன் இறுதியையும் இன்றையதையும் ஸ்ட்ரான்சியம் மட்டும் பிரிக்காது, பழையவற்றை நன்றாகப் பிரிக்கும். ஸ்ட்ரான்சியம் 300 பிபிஎம்முக்கு மேலுள்ள சுண்ணாம்புக்கல்லைத் தேர்ந்து, நுண்துளையிட்டு எடுத்த தூளை அம்மோனியம் அசிடேட்டில் கழுவி, பின் மென் அசிடிக் அமிலத்தில் கரைத்து அளக்க வேண்டும். கழுவாமல் கரைத்தால் களிமண்ணின் ஸ்ட்ரான்சியம் விகிதத்தை மேலே இழுத்து, பழைய பாறையை இளையதாகக் காட்டும். டோலமைட்டாக மாறிய பகுதியில் இதைச் செய்யவே வேண்டாம்.

ஸ்ட்ரான்சியமும் பிரிக்காவிட்டால் வளைவுக்கு மேலும் கீழும் ஒவ்வொரு நேரடி வயதாவது வேண்டும். ஐசோடோப்பு நிலவியலாளரை அணுக வேண்டிய இடம் இது. அவரிடம் வளைவை மட்டும் கொண்டுபோகாதீர்கள். சென்டிமீட்டர் கணக்கில் அளந்த வெட்டுமுகம், ஒவ்வொரு மாதிரியின் மெல்லிய சீவல், இதுவரை தள்ளிவைத்த புள்ளிகள், தள்ளியதற்கான காரணம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள்.